மூன்றாம் வரிசை ஓர நாற்காலி

ஜூன் 4

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நடித்த ‘நாளைக்கு வாங்க’ நகைச்சுவைத் தொடரின் இருநூற்று அறுபது பகுதிகளையும் எங்கள் தொலைக்காட்சி நிலையம் மறுபடி வெளியிட இருக்கிறது. பழைய டேப்புகளைச் சுத்தம் செய்யும் பணி என் பொறுப்பில் உள்ளது. இன்றைய நேயர்களுக்குப் பின்னணிச் சிரிப்பு பிடிப்பதில்லை. ஆகவே அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் சிரிப்பொலி எல்லாப் பகுதிகளிலிருந்தும் நீக்கப்படும். இதற்குத் தங்கள் சம்மதம் தேவை. இணைத்துள்ள படிவத்தில் மூன்று இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

தொலைபேசியில் இருமுறை முயன்றேன். “அப்படி இங்க யாரும் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு ஆவணப் பிரிவு


ஜூன் 9

என் அக்கா பெற்ற ஒரே ரத்தினமே, ஒலிப்பதிவு ஆவணப் பிரிவே, கடுகே,

மாமன் ஆசீர்வாதம் லாரி லாரியாக வருகிறது, இறக்கி வைத்துக்கொள்.

பெயர் போடாமல் அனுப்பினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? உள்ளே டைப் அடித்தது. உறைமேல் விலாசம் கையால் எழுதியது. தபால்காரர் நீட்டியதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அச்சு அசலாக உன் அம்மாவின் எழுத்து. செத்து இருபத்தாறு வருஷமான அக்கா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். “என்ன சார், மயக்கமா?” என்றார் அவர். “இல்லப்பா, மேலேர்ந்து தபால் வந்திருக்கு, கூடுதல் ஸ்டாம்பு கேப்பியோன்னு பயந்துட்டேன்” என்றேன். ஓடிவிட்டார்.

போன் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதே. வலது காது ஓய்வுபெற்று ஏழு வருஷம் ஆகிறது. இடது காது தினக்கூலி, இஷ்டம் இருந்தால் வேலைக்கு வரும். யார் கூப்பிட்டாலும் ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லி வைத்துவிடுவேன். பாதி நாள் அது உண்மையும்கூட. எழுத்தில் பேசு. கண் இரண்டும் இன்னும் முழுநேர ஊழியம்.

சிரிப்பை எடுக்கப் போகிறார்களாமே. எடுக்கட்டும். இமயமலையிலிருந்து பனியை எடுத்தால் மிச்சம் கல். என் தொடரிலிருந்து சிரிப்பை எடுத்தால் மிச்சம் நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் படிவத்தில் இடம் போதவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அந்தச் சிரிப்புகளுக்கெல்லாம் தாய்ச் சிரிப்பு உன் தாயினுடையது. என் முதல் வேடம் என்ன தெரியுமா? பிணம். நாடகத்தின் இரண்டாம் அங்கம் முழுக்கப் போர்வைக்குள் படுத்திருக்க வேண்டும். கதாநாயகி என்மேல் விழுந்து அழுகிறாள், அரங்கமே மூக்கைச் சிந்துகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கலகலவென்று சிரிக்கிறாள். உன் அம்மா. ‘யாருடி இவ, சாவு வீட்டுல சிரிக்கிறா’ என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு வினாடி கழித்து நான் தும்மினேன். பிணம் தும்மியதில் கூரை பறந்தது, நான் நகைச்சுவை நடிகன் ஆனேன்.

யோசித்துப் பார், கடுகே. நான் தும்மப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் இல்லாமல் நான் மேடை ஏறியதில்லை. ‘நாளைக்கு வாங்க’ தொடங்கியபோது அவளுக்கென்று ஒரு நாற்காலி பிடித்தேன். மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம். தியேட்டர் நாற்காலி மாதிரி ஸ்பிரிங் வைத்தது. உட்கார்ந்தால் பலகை கீழே வரும், எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். உட்காரும்போது ‘கிறீச்’, எழும்போது ‘டப்’. மற்ற நாற்காலிக்கெல்லாம் எண்ணெய் போடுவார்கள். இதற்கு மட்டும் போடவிடமாட்டேன். மேடை விளக்கு முகத்தில் அடித்தால் இரண்டாம் வரிசைக்கு அப்பால் கும்மிருட்டு. அந்தக் ‘கிறீச்’ கேட்டால்தான் அக்கா வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்புறம்தான் வாய் திறக்கும்.

போகட்டும். கிழவன் ஒரு சலுகை கேட்கிறேன். 212ஆம் டேப்பைத் தொடாதே. காளான் பிடித்தது. மெஷினில் போட்டால் மெஷின் போகும், மெஷின் போனால் உன் வேலை போகும், உன் வேலை போனால் என் மானம் போகும். தூக்கி எறிந்துவிடு.

முப்பது வருஷம் மூன்று கோடி விலா எலும்புகளை நொறுக்கியும் ஒரு வழக்குகூட வாங்காத, இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு இடைவேளை விடும்,
உன் தாய்மாமன்


ஜூன் 17

ஐயா,

படிவம் வந்தது. மூன்று இடத்தில் கேட்டோம், பதினோரு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒன்று எங்கள் மேலாளர் பெயரின் மேலேயே.

நான் உங்கள் அக்கா மகள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும். இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை, என் மேஜைக்கு வந்தது, செய்கிறேன்.

சிரிப்பை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஒரு வசனம் சொல்கிறீர்கள். பிறகு நாலு வினாடி அசையாமல் நிற்கிறீர்கள், புருவத்தை உயர்த்திக்கொண்டு, இருட்டைப் பார்த்து. எதிரே ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கிறது. அப்புறம், யாரோ பதில் சொன்னதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகிறீர்கள். என்னோடு வேலை செய்த பெண் இரண்டாம் நாளே, “அக்கா, இந்த ஆளு யாரையோ பாத்துக்கிட்டே இருக்காரு. எனக்கு வேற வேலை குடுங்க” என்று மாறிக்கொண்டாள்.

அரங்கில் வரிசைக்கு ஒரு மைக் தொங்கியிருக்கிறது. எட்டு வரிசையும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. அழிக்க ஒரு பொத்தான் போதும். மூன்றாம் வரிசையை மட்டும் அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கிறேன். நீங்கள் சொன்னது உண்மைதான். எல்லாருக்கும் முன்னால் அம்மா சிரிக்கிறாள், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால். கேட்டுவிட்டு அழிக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அவளை அழிக்கிறேன்.

208ஓடு அவள் குரல் நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தது அப்போதுதான்.

212ஐ எடுத்துப் பார்த்தேன். காளான் இல்லை. நேற்று வாங்கியதுபோல் இருக்கிறது. உறைமேல் எழுதியிருக்கும் தேதி அம்மா இறந்த நாள். அன்று மதியம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் ஏன் கேட்கக் கூடாது?

ஒலிப்பதிவு ஆவணப் பிரிவு


ஜூன் 22

கடுகே, காரமே, துப்பறியும் இலாகாவே,

ஏன் கேட்கக் கூடாதா? நல்ல கேள்வி. ஆயிரம் காரணம் இருக்கிறது. தபால் செலவை உத்தேசித்துச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அன்று எனக்குப் பல்வலி. கன்னம் பூசணிக்காய். நான் பேசியது எனக்கே விளங்கவில்லை. அப்புறம், முதல் காட்சியிலேயே ஒரு ஈ என் வாய்க்குள் குடிபோய், கடைசிக் காட்சிவரை காலி செய்யவில்லை. அப்புறம், அரங்கச் சுவர் சரிந்து, என் குமாஸ்தா ஜன்னலில் மனு கொடுக்க வந்த நடிகர் தலையில் விழுந்தது. அவர் எழுந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி விழுந்தார். அந்த டேப்பை முதன்முதல் ஓட்டிய மெஷின் மூன்று நாள் விக்கி விக்கி அழுததாகக் கேள்வி. இவ்வளவு பேராபத்தான பொருளை என் ஒரே மருமகளின் காதில் விடச் சொல்கிறாயா?

சரி, விளையாட்டை விடு. ஊரார் அந்த 212ஐ வைத்துத்தான் என்னைத் தலையில் தூக்கினார்கள். விருது கொடுத்தார்கள். கடைத்தெருவில் போனால் இன்றும் அந்த வசனத்தைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். என் நல்ல காரியம் என்று ஒன்று மிஞ்ச வேண்டுமானால் அது வேறொன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு ஆறு மணிக்குமேல்தான் எனக்குச் செய்தி சொன்னார்கள். கேட்டதும் போட்ட வேஷத்தோடு ஓடிவந்தேன். உனக்கே தெரியும். அதை நீ நம்புகிறாய் அல்லவா?

மழை ஆரம்பித்துவிட்டது. காலைச் சூடாக வைத்துக்கொள். உன் அம்மாவுக்கும் கால்தான் முதலில் சில்லிட்டுப் போகும்.

சிங்கமென நடந்து, இப்போது செருப்பைத் தேடி அலையும்,
உன் மாமன்


ஜூலை 1

212ஐக் கேட்டேன்.

செய்தி எப்போது வந்தது என்று நான் கேட்கவே இல்லை. நீங்களாகச் சொன்னீர்கள். அதனால்தான் போட்டேன்.

உங்கள் சட்டை மைக்கில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். காட்சிக்கு நடுவே ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து, “ஐயா, ஆஸ்பத்திரிலேர்ந்து போன். சின்னப் பொண்ணு ஒண்ணு பேசுச்சு. அக்கா போயிட்டாங்களாம். வண்டி சொல்லட்டுமா?” என்கிறார். உங்கள் மூச்சு மட்டும் கேட்கிறது. பதினோரு வினாடி. பிறகு, “வேணாம். ஆரம்பிங்க” என்கிறீர்கள். பதிவேட்டின்படி மணி நாலு ஐந்து.

மெஷினை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அந்தச் சின்னப் பெண் நான். எனக்குப் பத்து வயது. அப்பா வெளியூரில். அம்மா கண் மூடியதும் நர்ஸ் என்னை வரவேற்பு மேஜைக்குக் கூட்டிப்போய், “மாமாவுக்குச் சொல்லு கண்ணு” என்று போனைக் கையில் கொடுத்தாள். சொன்னேன். திரும்பி வந்து அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறரை மணிவரை. அவள் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்து மூடலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தொப்பியும் ஒட்டுமீசையுமாக ஓடிவந்து, “இப்பத்தாண்டா சொன்னாங்க, இப்பத்தான்” என்று அழுதீர்கள்.

இருபத்தாறு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? போனில் நான் சரியாகச் சொல்லவில்லை என்று. அழுதுகொண்டே சொன்னதில் அவர்களுக்குப் புரியாமல் போயிருக்கும் என்று. என்னை வளர்த்த அத்தை வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லிப் பழகினேன். ‘அம்மா இறந்துட்டாங்க, மாமாவ உடனே வரச் சொல்லுங்க.’

நான் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 8

கடுகு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். இதில் ஜோக் கிடையாது. எங்காவது இருந்தால் அது காவலை மீறி நுழைந்தது.

நீ சரியாகச் சொன்னாய். சொன்னவன் சரியாக வந்து சொன்னான். நான் சரியாகக் கேட்டேன். அப்போது இரண்டு காதும் வேலையில் இருந்தன. நான் உன்னிடம் பொய் சொன்னேன். அது உன் தலையில் இப்படி உட்காரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோரு வினாடியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நம்பச் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்கப் புளுகியவன் ஒரே ஒருமுறை உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? பிணம் தும்மிய கதைதான்.

அன்றைய காட்சி இது. நான் வழக்கம்போல ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா. எதிரே ஒருவர் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டு நிற்கிறார். நான் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. சொல்வதற்கு முன் அவன் வந்து காதில் அதைச் சொன்னான். நான் தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கிவிட்டேன், கடுகு. அக்கா மேல் சத்தியம். மேடையை விட்டு இறங்க ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து அவள் சிரித்தாள்.

மூன்று வாரமாக ஆள் இல்லாத நாற்காலி. அவள் வரும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். வெளிச்சத்தில் எனக்கு அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. உன் அம்மாவின் சிரிப்பு எனக்குத் தெரியாதா? தொட்டிலில் என்னை ஆட்டிக்கொண்டே சிரித்தவள்.

நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளோ சிரித்துவிட்டாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஒரு ஜோக் வர வேண்டும். அவள் என்றைக்கும் வீணாகச் சிரித்ததில்லை. “வேணாம். ஆரம்பிங்க” என்றேன். சான்றிதழ் கேட்டவரைப் பார்த்தேன். என் வாய் தானாகச் சொன்னது: “சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும். செத்தவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

அரங்கம் இடிந்தது. அந்த வசனத்துக்குத்தான் விருது. நான் ஊருக்குச் சட்டம் சொன்னேன். அவள் சட்டப்படி வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் சிரிப்பாள், நான் அதற்கேற்ற ஜோக்கைத் தேடி ஓடுவேன். சிரிப்பாள், ஓடுவேன். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அவன் காதில் சொன்னது உண்மையாகிவிடும். ஐந்தே முக்கால் வரை ஓடினேன். எழுதிய காட்சி எப்போதோ முடிந்துவிட்டது. டைரக்டர் கையை ஆட்டுகிறார், நான் பார்க்காத மாதிரி பேசுகிறேன். அதை வெட்டிச் சுருக்கி ஒரு பகுதியாகப் போட்டார்கள்.

கடைசியில் எனக்குள் ஒன்றுமே மிச்சம் இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்து அந்த இருட்டைப் பார்த்து, “சரக்கு தீந்துபோச்சுக்கா. நாளைக்கு வா” என்றேன். ஜனம் அதற்கும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஓடிவந்தேன்.

பத்து வயதுக் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது? பொய் சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு நாற்பத்தெட்டுப் பகுதி நடித்தேன். அவளை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீ எழுதினாயே, நாலு வினாடி இருட்டைப் பார்த்து நிற்கிறேன் என்று. முன்பெல்லாம் நின்றது சிரிப்பு அடங்குவதற்காக. கடைசி நாற்பத்தெட்டில் நின்றது வேறு எதற்கோ.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டரை மணி நேரத்தை நான் ஒரு நாற்காலிக்குக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வாய் வைத்தே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

மாமா


ஜூலை 29

கடுகு,

பதில் கேட்டு எழுதவில்லை. தபால்காரர் தெருமுனையில் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டு அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார். அவர் நடை மிச்சமாகட்டும் என்று நான் வாசலில் நிற்பதை விட்டுவிட்டேன்.

நீ அந்த டேப்பை அழித்துவிட்டாலும் சரி. அதைச் சொல்லத்தான்.

மாமா


ஆகஸ்ட் 11

மாமா,

உங்கள் கடிதத்தை நம்பவில்லை. மூன்று நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். அதற்கப்புறமும் எழுதவில்லை, ஏனென்றால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில்.

212இல் மூன்றாம் வரிசை மைக்கை மட்டும் தனியாகப் போட்டேன். நாலு ஐந்துக்கு அம்மா சிரிக்கிறாள்.

பழைய சிரிப்பை வெட்டி ஒட்டியிருப்பீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இது வெட்டாத மூல டேப். மற்ற டேப்புகளில் அம்மா சிரித்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து இதோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாம் புதிது. அன்றைய வசனத் தாளையும் கோப்பில் தேடி எடுத்தேன். ‘நேர்ல வரணும்’ அதில் இல்லை. அதற்கப்புறம் நீங்கள் பேசிய எதுவுமே இல்லை. எழுதாத, உங்களுக்கே தெரியாத வசனத்துக்கெல்லாம் அவள் முன்கூட்டிச் சிரிக்கிறாள்.

அப்புறம் டேப்பை ஆரம்பத்திலிருந்து கேட்டேன். சவுண்ட்காரர் மூன்று முப்பத்தெட்டுக்கே ஓடவிட்டிருக்கிறார். ஜனம் வந்து உட்காரும் சத்தம். நாலாவது நிமிஷம், மைக்குக்கு நேர் கீழே, நடைபாதை ஓரத்தில், ஒரு ‘கிறீச்’. அதாவது மூன்று நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அம்மா போனது மூன்று நாற்பது. அங்கிருந்து ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நான் போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவள் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டாள், மாமா. எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் அந்தப் படுக்கையில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அங்கே இல்லை, எங்கோ சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால், அந்தக் கால் இப்போது அவ்வளவு குளிராகத் தெரியவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ‘நாளைக்கு வா’ என்றதும் ஜனம் எழுந்து போகிறது. நாற்காலிகள் மடங்குகிற சத்தம். மூன்றாம் வரிசையில் பதினைந்து நாற்காலி. பதினாலு ‘டப்’தான் கேட்கிறது. இருபது தடவை எண்ணினேன். பதினாலுதான். ஓரத்து நாற்காலி மடங்கவே இல்லை. அரங்கம் காலியாகி, விளக்கு அணைத்து, டேப் தீரும்வரை கேட்டேன். இல்லை.

நேற்று மதியம் பழைய அரங்குக்குப் போனேன். இப்போது அது சாமான் போடும் இடம். செட் பலகைகளுக்குப் பின்னால் நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன, பிளாஸ்டிக் போர்த்தி. காவல்காரர் போர்வையை விலக்கினார். எட்டு வரிசையிலும் எல்லாப் பலகையும் மேலே மடங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் கீழே.

“அது அப்படித்தாம்மா. நான் தூக்கி வெச்சுட்டுப் போவேன். மறுநா வந்து பாத்தா எறங்கியிருக்கும். ஸ்பிரிங்கு போயிருக்கும்” என்றார். “எண்ணெய் போட்டாச் சரியாயிடும். போடட்டுமா?”

வேண்டாம் என்றேன். அவர் நகர்ந்ததும் பலகைக்கு அடியில் கை கொடுத்து மேலே தள்ளிப் பார்த்தேன். வெறும் நாற்காலிக்கு அவ்வளவு கனம் இருக்காது, மாமா. கையை எடுத்துவிட்டு, “மன்னிச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் நாளைக்கு வரச் சொன்னீர்கள். அவள் எதற்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும் என்று அங்கேயே இருந்துவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த நாற்பத்தெட்டிலும் இருந்திருக்கிறாள். நீங்கள் சிரிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவேட்டில் 212க்கு நேரே ‘காளான் பிடித்தது, பயன்படாது’ என்று எழுதிவிட்டேன். டேப் என் வீட்டில் இருக்கிறது. மற்றவற்றில் சிரிப்பை எடுத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் நாற்காலிகளைக் கழற்றி இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள். அதற்குமுன் வாருங்கள். அன்றைக்குப் போனில் சொன்னதையே இப்போது எழுத்தில் சொல்கிறேன். உடனே வாருங்கள்.

கடுகு


ஆகஸ்ட் 14

என் கடுகே,

தபால்காரர் உறையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் விழுந்தால் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். விழவில்லை. அவரைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு அரங்க வாசலில் இருப்பேன். இந்த முறை ஒரு நிமிஷம் தாமதமானாலும் என் மீசையை எடுத்துவிடு. ஒட்டுமீசைதான், வலிக்காது. பழைய தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டினேன். இத்தனை வருஷத் தூசியில் தெருவே தும்மியது. ஆபீஸ் ஜன்னல் செட் பலகைகளுக்குள் எங்காவது கிடக்கும், காவல்காரரைத் தேடச் சொல். இல்லாவிட்டால் காலி சட்டம் ஒன்று போதும், தலையை நீட்டிக்கொள்கிறேன். அந்த நல்ல மனிதர் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிட்டே வராமல் பார்த்துக்கொள்.

புது ஜோக் எழுதி வைக்கலாம் என்று இரண்டு நாளாகக் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, என்றைக்கு நான் முதலில் யோசித்திருக்கிறேன்? எல்லாவற்றையும் அவள் அல்லவா ஆரம்பித்து வைத்தாள்.

ஒரே ஒரு சிக்கல். என் காது. இடி விழுந்தாலும் ‘விழுந்ததா?’ என்று ஆள் அனுப்பிக் கேட்கும் நிலை. அதனால் நீ ஜன்னலுக்குப் பின்னால், என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள். அன்றைக்கு நீ தனியாக உட்கார்ந்த மாதிரி இல்லை, நான் கூடவே இருப்பேன். உன் கையை என் தோளில் வைத்துக்கொள். நான் வாய் திறக்கமாட்டேன். நாலு வினாடி ஆனாலும் சரி, நாலு மணி நேரம் ஆனாலும் சரி, இருட்டைப் பார்த்து நிற்பேன்.

அவள் சிரித்ததும் ஒரு தட்டுத் தட்டு. ஜோக்கை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

மாமா